பான் கானும் பணியாரக் கல்லும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் மாசியில் நானும் கணவரும் வியட்நாம் போகிறோம். அங்குள்ள சாம் இன மக்களின் கோயில்களைப் பார்ப்பதற்காக ஃபான் ராங் நகரில் தங்கல். அங்கே காலைச் சந்தையில் பணியாரம் போல ஒன்றைச் சுடுவதை வீடியோவில் பார்த்தேன். 'பான் கான்' என்று போட்டிருந்தது. ஆசைப்பட்டு தோசை மாவை இளக்கிப் பணியாரக் கல்லில் ஊற்றினேன். புளிப்புப் பணியாரம்தான் வந்தது. கடையில் வாங்கிய அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் அடி சில்லு மாதிரி இறுகிவிட்டது, மேலே பச்சை மாவு. திருப்பும்போது பிய்ந்தும் போனது. எங்கே தப்பு? என் கணவர் சைவம். அவருக்குச் சந்தையில் என்ன கிடைக்கும்?

கோமதி, தேவகோட்டை

அன்புள்ள கோமதி,

முதல் தப்பு, திருப்பியது. பான் கானைத் திருப்பவே கூடாது. மூடி போட்டு வேகவைப்பதுதான் அதன் முறை. அடி குழியின் சூட்டில் முறுகும், மேல்பக்கம் மூடிக்குள் சுற்றும் ஆவியில் வேகும். அதனால்தான் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகச் சின்ன மண்மூடி வைத்திருக்கிறார்கள். எடுத்ததும் இரண்டிரண்டாக, வெள்ளைப் பக்கம் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். நடுவே எண்ணெயில் வதங்கிய வெங்காயத்தாள்.

இரண்டாவது, மாவு. இதில் உளுந்தும் இல்லை, புளிப்பும் இல்லை. ஊறின அரிசியோடு ஆறின சோற்றையும் சேர்த்து அரைப்பார்கள். உங்கள் பாக்கெட் மாவில் இல்லாமல் போனது அந்தச் சோறுதான். வெந்த சோறு மாவுக்கு ஒரு கொழகொழப்பைத் தரும். அரிசி அடியில் படியாமல் தண்ணீரோடு கலந்தே நிற்கும், வெந்தபின் உள்ளே ஈரமும் தங்கும். சோறு இல்லையென்றால் அரிசி மட்டும் குழியின் அடியில் போய் உட்கார்ந்து சில்லாகிவிடும். நம் ஊர் ஆப்ப மாவுக்கும் சோறு போடுகிறோமே, அதே காரியம்தான்.

அளவு இது: பச்சரிசி 2 கப், ஆறின சோறு முக்கால் கப், உப்பு முக்கால் தேக்கரண்டி, அரைக்கவும் இளக்கவும் சேர்த்துத் தண்ணீர் சுமார் இரண்டரை கப். அரிசி பழையதாக இருக்கட்டும். புது அரிசி பிசுபிசுக்கும், குழியை விட்டு வராது. ராத்திரி ஊறவைத்துக் காலையில் நைசாக அரையுங்கள். விரலில் நெருடினால் இன்னும் ஒரு சுற்று. தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். கரண்டியிலிருந்து அறுபடாமல் மெல்லிசாக ஒழுகினால் சரி. அரை மணி நேரம் வைத்தால் போதும். நம் ஊர் வெயிலில் அதற்குமேல் வெளியே வைத்தால் புளிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் முன்னால் அடிவரை கலக்குவதை மறக்காதீர்கள்.

இரும்புக் கல்லில் செய்வதானால் தீயைக் கவனிக்க வேண்டும். இரும்பு சட்டென்று ஏறி அடியைக் கருக்கிவிடும். மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டுக் குழியைத் துடைத்தால் போதும். எண்ணெய் தேங்கினால் பொரிந்து பணியாரமாகிவிடும். முக்கால் குழி ஊற்றுங்கள். 'சொய்ங்' என்று சத்தம் வராவிட்டால் சூடு போதவில்லை. அந்த ஈடு நிச்சயம் ஒட்டும். ஊற்றியதும் மூடித் தீயைக் குறையுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் ஓரம் தானாகக் குழியை விட்டு விலகும். அதற்கு முன் கரண்டியை விடாதீர்கள். முட்டை வேண்டுமென்றால், பாதி வெந்ததும் அடித்த முட்டையைக் குழிக்கு ஒரு தேக்கரண்டி விட்டு மறுபடி மூடலாம். சந்தையில் இறாலும் கணவாயும் வைப்பார்கள்.

சந்தைக்கு ஆறு மணிக்கே போய்விடுங்கள். காலைக் கடைகள் சீக்கிரம் கலையும். அடுப்பைச் சுற்றித் தாழ்ந்த ஸ்டூல் போட்டிருக்கும். அடுப்புக்குப் பக்கத்து இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஆறினால் முறுமுறுப்பு போய்விடும். 'பான் கன்' என்று தடிமனான நூடுல்ஸ் சூப் ஒன்றும் அங்கே காலையில் உண்டு. நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுதான், எனவே அடுப்பைக் கைகாட்டுவதே உத்தமம்.

தொடுகறிதான் பாதிச் சாப்பாடு. தண்ணீர், சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்த்த மீன் சாஸ் ஒன்று. நெத்திலியைப் புளிக்கவைத்துச் செய்யும் 'மாம் நேம்' இன்னொன்று. வாடை பலம், முதலில் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். நிலக்கடலைச் சாறும், மீன் குழம்புச் சாறும் சில கடைகளில் கிடைக்கும். கிண்ணத்தில் சாற்றை விட்டு, மாங்காய்த் துருவலை அள்ளிப் போட்டு, பான் கானை அதில் முக்கி உடனே வாயில் போட வேண்டும். ஊறவிட்டால் சாறு சோறு மாதிரிதான்.

உங்கள் கணவர் விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம்: சாதாரண பான் கான் கடை அவருக்கு ஆகாது. வெறும் மாவில் சுடச் சொல்லலாம். ஆனால் குழியைத் துடைப்பதும் வெங்காயத்தாளை வதக்குவதும் பன்றிக் கொழுப்பிலாக இருக்கலாம், கரண்டி இறாலைத் தொட்ட கரண்டி. கடலைச் சாற்றிலும் மீன் சாஸ் இருக்கலாம். அவருக்கு 'சோய்' வாங்குங்கள். வாழையிலையில் கட்டித் தரும் ஒட்டரிசிச் சோறு. பாசிப்பருப்போ தேங்காயோ சேர்த்தது, மேலே எள்ளும் கடலையும் உப்பும் பொடித்தது. மேலே தூவும், பஞ்சு மாதிரி உதிர்த்த இறைச்சியும் வெங்காயத்தாளும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சைவத்துக்கு அங்கே 'சய்' என்பார்கள். சுரம் மாறினால் பொருள் மாறும் மொழி, ஆகவே ஃபோனில் எழுதிக் காட்டுங்கள். சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்குச் சைவக் கடைகள் கூடுதலாக இருக்கும். மாசி தொடக்கத்தில் போவதானால் 'டெட்' என்ற வியட்நாம் புத்தாண்டு எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பல கடைகள் திறக்காது.

அவர்கள் பான் கான் சுடும் மண்குழிக் கல்லை வாங்க ஆசையிருந்தால் ஃபான் ராங்கிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் பாவ் ட்ருக் என்ற சாம் குயவர் கிராமம் இருக்கிறது. அங்கே சக்கரம் கிடையாது. பெண்கள் பானையை நிறுத்திவைத்து, தாங்கள் அதைச் சுற்றி நடந்தபடி வனைவார்கள். வைக்கோலும் விறகும் போட்டுத் திறந்தவெளியிலேயே சுடுவார்கள். சாம் மக்களின் இந்தக் கலையை யுனெஸ்கோ 2022இல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மணல் கலந்த, நுண்துளையுள்ள மண் என்பதால் கரிச்சூட்டை மெல்ல வாங்கி நின்று கொடுக்கும், எளிதில் விரிசல் விடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவிச் சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். முதல் இரண்டு ஈடு ஒட்டத்தான் செய்யும், தூக்கிப் போட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுவருவது நல்லது. மூடிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள்.