அமெரிக்கக் கல்லூரிகளின் 'அமெரிக்கன் ஃபுட்பால்' (பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது, நம் கால்பந்து அல்ல) மைதானங்களில் எதன் வரலாறு உங்களுக்கு மிகவும் பிடிக்கும்?

என்னைக் கேட்டால் ஹார்வர்ட் ஸ்டேடியம்தான். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இங்கே அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான் இடம். ஆனால் கட்டிய மூன்றே வருடத்தில் அந்த ஆட்டத்தின் விதியையே மாற்ற வைத்த மைதானம் இது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தாலும், மைதானம் சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், பாஸ்டன் நகர எல்லைக்குள் இருக்கிறது. அந்த நிலத்தை 1890இல் கொடுத்தவர் ஹென்றி லீ ஹிக்கின்சன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றி மறைந்த தன் ஆறு நண்பர்களின் நினைவாகக் கொடுத்தார். சோல்ஜர்ஸ் ஃபீல்ட் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

அப்போதெல்லாம் ரசிகர்கள் உட்கார்ந்தது மரப்பலகை மேடைகளில். எப்போது தீப்பிடிக்குமோ என்ற பயம் கூடவே இருந்தது. 1879இல் படித்து முடித்த மாணவர்கள் 1 லட்சம் டாலர் நன்கொடை தர, 1903இல் கம்பி போட்ட கான்கிரீட்டில் குதிரை லாட வடிவத்தில் மைதானம் எழுந்தது. அந்தக் காலத்தில் கான்கிரீட்டில் இவ்வளவு பெரிய கட்டுமானம் மிக அரிது. சில மாதங்களிலேயே ஆட்டம் நடத்தும் அளவுக்குக் கட்டிவிட்டார்கள். நவம்பர் 14 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் டார்ட்மவுத் கல்லூரி 11-0 என்று ஹார்வர்டைத் தோற்கடித்தது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். அன்றைய ஆட்டத்தில் பந்தை முன்பக்கம் எறிய அனுமதி கிடையாது. இரு அணியும் கூட்டமாக மோதித் தள்ளித்தான் முன்னேற வேண்டும். 1905 சீசனில் மட்டும் குறைந்தது 18 பேர் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டில் படித்தவர்; அந்த வருடம் அவர் மகனும் அங்கே முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

சரி, என்ன செய்யலாம்? ஆடுகளத்தை 40 அடி அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்றார் யேலின் முன்னாள் பயிற்சியாளர் வால்டர் கேம்ப். ஹார்வர்டிலோ புதுக் கான்கிரீட் படிகள் களத்தை ஒட்டியே நின்றன. அவ்வளவு செலவு செய்து கட்டியதை யார் இடிப்பார்கள்? அந்த யோசனை கைவிடப்பட்டது. 1906இல் வேறு வழியாக, பந்தை முன்னால் எறியலாம் என்று விதி வந்தது. இன்று குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர்) நீளமாக எறியும் ஒவ்வொரு பந்திலும் இந்த மைதானத்துக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் 1968. இரு அணியும் தோல்வியே காணாமல் வந்து மோதிய ஹார்வர்ட்-யேல் ஆட்டம். கடைசி 42 நொடியில் ஹார்வர்ட் 16 புள்ளி எடுத்து 29-29 என்று சமன் செய்தது. "ஹார்வர்ட் யேலை 29-29 என்று வென்றது" என்று தலைப்புப் போட்டது மாணவர் பத்திரிகை. நடிகர் டாமி லீ ஜோன்ஸ் அன்று ஹார்வர்ட் அணியில் ஆடினார்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் இரட்டைப்படை வருட நவம்பரைப் பாருங்கள். யேலுடனான ஆட்டம் வழக்கமாக அப்போதுதான் இங்கே நடக்கும். மற்ற வருடங்களில் யேல் இருக்கும் நியூ ஹேவனில். உட்காருவது வெறும் கான்கிரீட்டில் என்பதால், கனமான போர்வை ஒன்றை மடித்துக் கொண்டுபோவது நல்லது.