ரிப்போர்ட்டில் அமீபா வந்தால் மாத்திரை போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். நானேதான் சமைக்கிறேன். வயது 41. உணவுத் தொழிலில் இருப்பவர்கள் வருடாவருடம் எடுக்க வேண்டிய உடல்தகுதிச் சான்றிதழுக்காக மலப் பரிசோதனை செய்தபோது ‘எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா சிஸ்ட் உள்ளது’ என்று வந்தது. எனக்கு வயிற்றுப்போக்கோ வலியோ எதுவும் இல்லை. மெட்ரோனிடசோல் 5 நாள் சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே முடிவு. மறுபடியும் சாப்பிட்டேன், இன்னும் போகவில்லை. மருந்து கேட்கவில்லையா? வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டுமா? கடையை மூட வேண்டி வருமா?

பதில்: மருந்து கேட்காமல் இல்லை. அது போகிற இடம் வேறு, உங்களுக்குப் பூச்சி இருக்கிற இடம் வேறு.

இந்த அமீபாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று ஊர்ந்து திரிவது. குடல் சுவரைத் துளைத்துப் புண்ணாக்கிச் சீதபேதியைக் கொண்டுவருவது இதுதான். புண்கூட விசித்திரமாக இருக்கும்: மேலே வாய் சிறுத்து, உள்ளே குடம் போல விரிந்திருக்கும். இன்னொன்று சிஸ்ட். தடித்த ஓட்டுக்குள் சுருண்டு பெருங்குடலில் சும்மா கிடந்து, மலத்தோடு வெளியேறி அடுத்தவர் வாய்க்குப் போகக் காத்திருக்கும். மெட்ரோனிடசோல் வயிற்றுக்குள் போனதும் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் குடல் சுவரில், கல்லீரலில் இருக்கும் அமீபாவை நன்றாகக் கொல்லும். பெருங்குடலில் கிடக்கும் சிஸ்ட்டை அநேகமாகத் தொடாது. அதற்குக் குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்கிற மருந்து வேண்டும். டிலாக்சனைடு பியூரோயேட் 10 நாள், அல்லது பரோமோமைசின் 7 நாள் என்று டாக்டர்கள் எழுதுவது இதற்குத்தான். சீதபேதி வந்தவர்களுக்கே முதலில் மெட்ரோனிடசோல், பிறகு இது என்று இரண்டும் தர வேண்டும். முதல் மருந்திலேயே வயிறு சரியாகிவிடுவதால் பாதிப் பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ‘அமீபா திரும்பத் திரும்ப வருது’ என்று என்னிடம் வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். உங்களுக்கோ புண்ணே இல்லை. இரண்டு கோர்ஸிலும் கிடைத்தது வாயில் இரும்புச் சுவையும், கறுத்த சிறுநீருமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, அந்தக் குடல் மருந்தை உடனே வாங்கிவிடலாமா என்றால், அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஹிஸ்டோலிட்டிகாதானா?

எண்டமீபா டிஸ்பார் என்று இன்னொன்று உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டின் சிஸ்ட்டும் அச்சு அசலாக ஒன்றுதான்: 10 முதல் 15 மைக்ரான், முற்றியதில் நாலு உட்கரு. ஆனால் டிஸ்பார் எந்த நோயும் தராது. பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் எமில் புரும்ப் 1925-இலேயே இவை இரண்டும் வேறு என்று சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரபணுச் சான்றுகள் வந்த பிறகு, 1993-இல்தான் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. நோய்க்குறி இல்லாமல் சிஸ்ட் வைத்திருப்பவர்களில் டிஸ்பார் உள்ளவர்களே அதிகம். அதனால், மைக்ராஸ்கோப்பில் சிஸ்ட் தெரிந்தால் ‘ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்’ என்றுதான் எழுத வேண்டும், நோய்க்குறி இல்லாதவருக்கு இதை மட்டும் வைத்து மருந்து தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1997-இலேயே சொல்லிவிட்டது. நம் லேப்களில் இன்னும் ஒரே பெயரை அடித்துக் கொடுக்கிறார்கள். பழக்கம்தான், வேறென்ன சொல்ல. ஊர்ந்து திரியும் அமீபாவுக்குள் சிவப்பணுக்கள் விழுங்கப்பட்டுக் கிடந்தால், அப்போது ஹிஸ்டோலிட்டிகா என்று துணிந்து சொல்லலாம். அது புதிதாகக் கழித்த மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் தெரியும். காலையில் டப்பாவில் எடுத்து, பதினோரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் தெரியாது.

ஆகவே உங்கள் டாக்டரிடம் மலத்தில் ஆன்டிஜென் எலிசா (அமீபாவின் புரதத்தைத் தேடுவது) அல்லது பி.சி.ஆர். (அதன் மரபணுவைத் தேடுவது) பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். எலிசாவாக இருந்தால் அந்தக் கிட் டிஸ்பாரையும் ஹிஸ்டோலிட்டிகாவையும் பிரித்துக் காட்டுவதா என்று லேப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கிட்டும் பிரிக்காது. டிஸ்பார் என்று வந்தால் எந்த மாத்திரையும் வேண்டாம். ஹிஸ்டோலிட்டிகா என்றால் தொந்தரவே இல்லாவிட்டாலும் குடல் மருந்து முழு கோர்ஸ் எடுக்க வேண்டும். இப்படிச் சும்மா சுமப்பவர்களில் சிலருக்குப் பின்னால் நோயாக மாறும்; அதோடு நீங்கள் ஊருக்கே சமைப்பவர். கோர்ஸ் முடிந்து, மலம் சுத்தம் என்று வரும்வரை அடுப்படியை வேறொருவரிடம் விட்டுவிட்டு கல்லாவில் உட்காருங்கள். கடையை மூட வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை வேண்டாம். உங்களுக்கு ஹிஸ்டோலிட்டிகா உறுதியானால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துபவர்களுக்கும் பரிசோதனை செய்து, இருப்பவருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இனி மெஸ் சமாச்சாரம். சோறு, சாம்பார், ரசத்தைப் பற்றிக் கவலை இல்லை. கொதியில் சிஸ்ட் பிழைக்காது. கொதிக்காமல் இலைக்குப் போகிறவற்றைப் பாருங்கள்: பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய்ச் சட்னி, வெங்காயத் தயிர்ப் பச்சடி, மோர், டம்ளரில் வைக்கும் தண்ணீர், பரிமாறும் முன் வாழையிலையில் தெளித்துத் துடைக்கும் தண்ணீர். கடைசியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோமே என்றால், குடிநீரில் போடுகிற அளவு குளோரினுக்குச் சிஸ்ட் சாகாது. 1933-இல் சிகாகோ கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய ஓட்டல்களில், பழுதான குழாய்கள் வழியே கழிவுநீர் குடிநீரில் கலந்து அமீபா பரவி 98 பேர் இறந்துபோனார்கள். குளிர் ஊர், பெரிய ஓட்டல், எதுவும் காப்பாற்றவில்லை. இந்த வேலைகளுக்கெல்லாம் கொதித்து ஆறிய தண்ணீர் அல்லது ஒழுங்காகப் பராமரிக்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கைக்கு சானிடைசரை நம்ப வேண்டாம். சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலி, சில சமயம் வலது தோள்பட்டையிலும் வலி என்றால் அன்றே ஸ்கேன் பாருங்கள். கல்லீரலில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். வயிற்றுப்போக்கே இல்லாமலும் அது வரும். பெண்களைவிட ஆண்களுக்கு, அதிலும் உங்கள் வயதை ஒட்டியவர்களுக்குப் பல மடங்கு அதிகம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கள் குடிக்கும் ஆண்கள் என்று அங்கே நடந்த ஆய்வில் தெரிந்தது. மலத்தில் ரத்தமும் சளியும் வந்தாலும் காத்திருக்காதீர்கள். பெருங்குடல் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள் என்றால், ‘எனக்கு முன்பு அமீபா என்று வந்தது’ என்று ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள். அமீபாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகிவிடக்கூடும்.

சான்றிதழுக்கு வருவோம். டிஸ்பார்தான் என்று வந்தால், அந்த ரிசல்ட்டோடு ‘நோய் தராத வகை, சிகிச்சை தேவையில்லை’ என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பின் செய்து கொடுங்கள்.