டிஸ்க் மாற்றியும் பிரேக் நடுங்குகிறதா? முதலில் ஹப்பைப் பாருங்கள்

கேள்வி: என்னுடைய பிக்கப் டிரக்கில் அடிக்கடி பாரம் ஏற்றுவேன், சில நாள் டிரெய்லரும் இழுப்பேன். 90 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பெடலும் காலுக்கடியில் துடிக்கிறது. முன்சக்கர டிஸ்க் இரண்டும் பெண்ட் ஆகிவிட்டதாகச் சொல்லிப் புது டிஸ்க்கும் பேடும் போட்டார்கள். 8,000 கி.மீ. ஓடியதும் அதே நடுக்கம் திரும்பிவிட்டது. மறுபடியும் டிஸ்க் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஜோடியைப் போட்டாலும் இன்னொரு 8,000 கி.மீ.க்குள் இதே கேள்வி வரும். புது டிஸ்க் போட்டவுடன் சரியாக இருந்து, சில ஆயிரம் கி.மீ. கழித்து நடுக்கம் வந்திருக்கிறது என்பதே பெரிய துப்பு.

'பெண்ட்' என்று சொல்வது பழகிப்போன பேச்சு. வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் அப்பளம் போல் நெளிந்துவிடுவது அபூர்வம். பெரும்பாலான வண்டிகளில் நடப்பது வேறு: டிஸ்க்கின் கனம் (தடிமன்) சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போய்விடுகிறது. கனமான இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது, பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக உங்கள் காலுக்கு வரும். மெலிந்த இடம் வந்தால் பிடி தளரும். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 11, 12 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் பிடி இறுகித் தளர்வதுதான் நீங்கள் உணரும் நடுக்கம். வேகம் குறையக் குறைய துடிப்பு நிதானமாவதை வைத்தே இதை அடையாளம் காணலாம். கனத்தில் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே பல வண்டிகளில் காலுக்குத் தெரிந்துவிடும். அது தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை.

இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? முக்கியமான வழி கோட்டம். டிஸ்க், தன்னையும் சக்கரத்தையும் தாங்கிச் சுழலும் ஹப்பின் மேல் நேராக உட்காராமல் துளி சாய்ந்து சுற்றினால், அதன் ஓரம் உள்ளும் வெளியுமாக ஆடும். காலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது என்பதால் பிரேக் பிடிக்கும்போது அந்த ஆட்டம் முதலில் உணரப்படாது. சேதம் நடப்பது பிரேக் பிடிக்காமல் ஓடும்போதுதான். ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கி.மீ. உரசினால் அந்த இடம் மெலிகிறது. புது டிஸ்க் கொஞ்ச காலம் நன்றாக ஓடி ஏமாற்றுவது இதனால்தான். உங்கள் வண்டியிலும் இதுவே நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கோட்டத்துக்கு முதல் சந்தேகம் ஹப் முகத்தின் துரு. 140 மி.மீ. விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. கனத்தில் ஒரு துருச் செதில் சிக்கினால், 330 மி.மீ. டிஸ்க்கின் ஓரத்தில் அது 0.1 மி.மீ.க்கு மேல் ஆட்டமாகப் பெருகும். பல வண்டிகளுக்கு அனுமதிக்கப்படும் கோட்டம் சுமார் 0.05 மி.மீ.தான், சில தயாரிப்பாளர்கள் 0.1 வரை ஏற்கிறார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிய கையோடு, ஹப்பைத் தேய்க்காமல் புதியதை மாட்டினால் புது டிஸ்க்கின் ஆயுள் அன்றே குறைந்துவிடுகிறது. இவ்வளவு செலவையும் வீணாக்கும் தவறு, பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பதால் வருகிறது.

அடுத்தது வீல் நட். ஏர் கன்னால் ஒரு நட்டை முழுமூச்சாக இறுக்கி, பிறகு பக்கத்து நட்டுக்குப் போனால் டிஸ்க்கின் நடுப்பகுதி சமமில்லாத அழுத்தத்தில் இழுபடும். டயர் மாற்றிய பிறகு, பஞ்சர் பார்த்த பிறகு நடுக்கம் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

எதையும் கழற்றும் முன் சில சோதனைகள். பிரேக் மிதிக்காமலே ஸ்டீயரிங் ஆடினால் வீல் பேலன்ஸ், டயர் பக்கம் போங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம். இருக்கையும் பாடியும் அதிர்ந்தால் பின்சக்கரம். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியபின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை மற்ற அளவுகள் எதையும் நம்ப முடியாது.

பிறகு அளவு. சக்கரத்தைக் கழற்றி, எல்லா நட்டுகளையும் தட்டை வாஷர் வைத்து டிஸ்க்கின் மேல் சமமாக இறுக்குங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை, ஹப்பைத் தாங்கும் ஸ்டீயரிங் நக்கிளில் அசையாமல் பிடிப்பித்து, முள்ளை டிஸ்க் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளின் வித்தியாசமே கோட்டம். உச்சம் வரும் இடத்தில் டிஸ்க்கிலும் அதற்கு நேரான ஸ்டட்டிலும் (வீல் நட் ஏறும் போல்ட்) சாக்பீஸ் குறி போடுங்கள். அடுத்து மைக்ரோமீட்டரால், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில், சுற்றிலும் எட்டு இடங்களில் கனம் பாருங்கள். வெர்னியர் இதற்குப் போதாது, 0.01 மி.மீ. நம்பகமாகக் காட்டும் கருவி வேண்டும்.

கோட்டம் அதிகம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். ஸ்டட்டின் அடிப்பாகத்தைச் சுற்றித்தான் துரு ஒளிந்துகொள்ளும், அதை விட்டுவிடாதீர்கள். மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி அளங்கள். இப்படி ஒவ்வொரு நிலையிலும் பார்த்து, குறைவாக வரும் நிலையில் நிறுத்துங்கள். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நிலை பெரும்பாலும் கிடைக்கும். டிஸ்க் இல்லாமல் ஹப் முகத்தையே அளக்கும்போது 0.02 மி.மீ.க்கு மேல் வந்தால் ஹப் அல்லது பேரிங்கைச் சந்தேகியுங்கள். சில டிரக்குகளில் டிஸ்க் ஹப்பின் பின்புறம் போல்ட்டில் இணைந்திருக்கும். அங்கே இந்த வேலைக்கு ஹப்பையே இறக்க வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே மெலிந்துவிட்ட டிஸ்க்கை நேராக உட்காரவைத்தாலும் கனம் திரும்பி வராது. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் போதிய இடம் இருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். வண்டியிலேயே பொருத்திக் கடையும் லேத் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஹப்பின் சாய்வையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். கனம் போதாவிட்டாலோ, ஓரத்தை எட்டும் விரிசல் தெரிந்தாலோ, புது டிஸ்க்தான். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. கடும் சூட்டில் வார்ப்பிரும்பின் அந்த இடம் இறுகிவிடும். மற்ற இடம் தேய, அது மேடாக நிற்கும். கடைந்தாலும் சில நாளில் மீண்டும் மேடாகும். இரு பக்க டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றுங்கள், பேடும் புதிதாக இருக்கட்டும். புது டிஸ்க்கின் துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முழுவதும் துடைத்துவிடுங்கள்.

காலிப்பரையும் இந்தக் கையோடு பாருங்கள். காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருந்தால் ஒரு பேட் எப்போதும் உரசிச் சூடேற்றும். உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருப்பது அதன் அடையாளம். பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பவைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். பிரேக்கை விட்டபிறகும் சக்கரம் கையால் சுற்ற மறுத்தால் காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடரைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே சிக்கியிருக்கிறது, காலிப்பருக்கு ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ பின்னோதான் பிடித்திருக்கிறது.

சக்கரம் மாட்டும்போது நட்டுகளை நட்சத்திர வரிசையில், மூன்று கட்டமாக, கடைசிக் கட்டம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில். பிக்கப் வகைகளில் இது பொதுவாக 130 முதல் 200 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். மரையில் எண்ணெய் தடவாதீர்கள். 100 கி.மீ. ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

புது பேடைப் பழக்குவதையும் தவிர்க்கக் கூடாது. வெற்று சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமான அழுத்தத்தில் எட்டு, பத்து முறை குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிய இதுவே வழி. சூடான பிரேக்கில் வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால், பேட் தொட்ட இடத்தில் மட்டும் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டும் இதே நடுக்கத்தைத் தரும். ஆரம்பத்திலேயே கவனித்தால் 120 எண் எமரியால் தேய்த்து, மறுபடி பழக்கிச் சரிசெய்துவிடலாம்.

பாரம் ஏற்றுகிறவர் என்பதால் இதையும் பாருங்கள். எடை இரட்டித்தால் பிரேக்கில் வரும் சூடும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. டிரெய்லரின் பிரேக் வேலை செய்யாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் உங்கள் டிரக்கின் பிரேக்கில்தான் விழும், எனவே அதையும் பரிசோதியுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். இறக்கம் முழுக்க லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. நீண்ட இறக்கம் முடிந்த கையோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம்.