பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மனையாக விற்க முடியுமா?

கேள்வி: டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரத்துடன் 2020-ல் போடப்பட்ட நான்கு ஏக்கர் மனைப்பிரிவில் மனை வாங்கினோம். சாலைகள் போக மூன்று ஏக்கர். வரைபடத்தில் 'பூங்கா' என்றுள்ள 30 சென்ட்டில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைக்கும் தானப் பத்திரம் எழுதித் தரவில்லை, பட்டாவும் தன் பெயரில்தான் இருக்கிறது என்கிறார் மனைப்பிரிவு போட்டவர். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: பட்டாவைக் கண்டு அஞ்ச வேண்டாம். தானப் பத்திரம் பதிவான பின்னும் உள்ளாட்சி நிர்வாகம் பட்டாவை மாற்றாமல் விட்டுவிடுவதும், அந்த மெத்தனத்தை வைத்தே பிற்பாடு நிலம் விலைபேசப்படுவதும் புதிதல்ல.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைத்தாக வேண்டும். நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டும் சலுகை 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ளவற்றுக்கே உண்டு. தங்களுடையது சுமார் 16,000 சதுர மீட்டர். மூன்று ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு அந்த 30 சென்ட்டேதான்.

ஆகவே தானப் பத்திரம் இல்லை என்ற மனைப்பிரிவு போட்டவரின் சொல்லை அப்படியே ஏற்காமல், முதலில், மனையாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய தாய்ப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, எழுதி வாங்கியவராக ஊராட்சியோ நகராட்சியோ உள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். பத்திரம் இருந்தால், அவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. இல்லாவிட்டாலும் அவர் தப்ப முடியாது: வரைபடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலத்தை உரிமையாளர் பொதுமக்களின் நலனுக்காகவே வைத்திருக்கிறார் என்று சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே 1991-ல் அதே நீதிமன்றம் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் ஏற்கவில்லை. எனவே நாளை உள்ளாட்சியே வேறு பயன்பாட்டுக்கு முனைந்தாலும் தாங்கள் எதிர்க்கலாம்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும், நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 56, 57 பிரிவுகளின்கீழ் நடவடிக்கை கோரித் திட்ட அதிகாரிக்கும் உள்ளாட்சிக்கும் மனு அனுப்புங்கள். அசைவில்லை எனில் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். விற்பனையைத் தடுக்க, மனைதாரர்கள் அனைவரின் சார்பிலும் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். ஒரு மனை கைமாறினாலும் வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க நேரும் என்பதால், சார்பதிவாளருக்கு எழுத்துமூல ஆட்சேபத்தை இந்த வாரமே கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.