மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும்படி கட்டும் பசுமைக் கட்டட முறையைப் பரப்பும் அமைப்புகளின் உள்ளூர்க் கிளைகள் நடத்தும் வகுப்புகளுக்கு ஆள் வருகிறார்களா? கூட்டம் ஏன் குறைகிறது?

கும்பகோணம் பக்கம் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்யும் சிவில் இன்ஜினியர் நான். எங்கள் ஊர்ப் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து இந்த மாதிரி வகுப்பு நடத்தும்போது நாற்காலி போடுவது, டீ சொல்வது எல்லாம் என் பொறுப்பு. தலை எண்ணிய அனுபவத்தில் சொல்கிறேன்: வருகிறார்கள், ஆனால் நாம் கூப்பிடுகிற நாளில் வருவதில்லை.

அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறையான 'லீட்' (LEED) தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. 'கிரீன் அசோசியேட்' என்ற முதல் படித் தகுதி என்றால் 2 வருடத்தில் 15 மணி நேரம், அதற்கு மேல் ஒரு துறையில் சிறப்புத் தகுதியான 'ஏ.பி.' என்றால் 30 மணி நேரம் தொடர்கல்வி கணக்குக் காட்ட வேண்டும். கூட்டத்துக்குப் போனால் மணிக்கணக்கு ஏறும். நம் பக்கம் அந்தத் தகுதி உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் யார் வருவார்கள்? சான்றிதழுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். மதியச் சாப்பாட்டோடு பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு இன்னும் மோசம், திரையில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

தேதி விஷயத்தில் நாங்களும் தப்புச் செய்தோம். வைகாசியில் வைத்தால் முகூர்த்தமும் கிரகப்பிரவேசமும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தையில் அறுவடை, மேஸ்திரிகளில் பலருக்குச் சொந்த வயல் இருக்கிறது. ஆடியும் மார்கழியும்தான் சரி. பூமி பூஜை போட மாட்டார்கள், புது வேலை தொடங்காது, கையில் நேரம் இருக்கும். கல்யாணத்துக்கு ஆகாத மாதம் எங்கள் வகுப்புக்கு ஆகிவந்தது!

பேசுகிற விஷயமும் முக்கியம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஐ.டி. அலுவலகங்களின் கண்ணாடிச் சுவரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். திருவிடைமருதூரில் யார் கண்ணாடிச் சுவர் எழுப்புகிறார்கள்? மாறாக ஒரு ஆடி மாதம், மொட்டை மாடியில் பாதிக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தவர்களைச் செருப்பைக் கழற்றி நடக்கச் சொன்னோம். அடிக்காத பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எவ்வளவு செலவு, எத்தனை மழை தாங்கும் என்ற பேச்சுதான் ஓடியது.

அன்றைக்கு ஒரு மேஸ்திரி கேட்டார்: "சார், மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயம்னுட்டாங்க. எங்க தெரு முழுக்கக் களிமண்ணு. குழி வெட்டினா தண்ணி இறங்காம கொசுதான் வளருது. என்ன பண்றது?"

ஸ்லைடு போட்டவரிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பை அதற்காகவே வைத்தோம். களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரைக்கும் குழிக்குள்ளேயே ஒரு துளை போட்டு, ஓட்டைக் குழாய் இறக்கி, குழியைக் கூழாங்கல்லும் மணலும் கொண்டு நிரப்பும் முறையை, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டிலேயே காட்டினோம். நோட்டீஸ் அடிக்கவில்லை, மேஸ்திரிகளே வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று நாற்காலி போடவே இல்லை. வந்தவர்கள் குழியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். டீதான் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதாயிற்று.