தோட மொழியைப் பதிவுசெய்யக் கைப்பேசி போதுமா?

கேள்வி: மொழியியல் முதுகலை மாணவி நான். உதகைக்கு அருகிலுள்ள தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) முதியவர்களின் பேச்சையும் பாடல்களையும் பதிவுசெய்ய இருக்கிறேன். கைப்பேசி போதுமா, தனிக் கருவி வாங்க வேண்டுமா? எப்படித் தொடங்குவது?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்.

பதில்: கையில் இருக்கும் பணம் குறைவென்றால் அதை முதலில் நல்ல ஒலிவாங்கிக்குச் செலவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியே அதற்குக் காரணம். தோட மொழியில் நான்கு வகைச் சீறொலிகளும் (‘ஸ’, ‘ஷ’ போன்றவை) ஆறு வகை ஆடொலிகளும் (நாநுனி துடித்து எழும் ‘ர’கர வகைகள்) பொருளை வேறுபடுத்துகின்றன. ‘ல’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் நாக்கின் பக்கவாட்டில் சீறவிட்டுப் பாருங்கள். தமிழில் இல்லாத அந்த ஒலியும் அம்மொழியில் உண்டு. இவற்றுள் சீறும் ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி இவற்றையே இரைச்சலென்று கருதி மழுக்கிவிடக்கூடும்.

அந்த வசதியையும், ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியையும் நிறுத்திவிட்டு, வெளி ஒலிவாங்கியை இணைத்து, சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்க முடியுமானால் கைப்பேசியைக் கொண்டே தொடங்கலாம். முடியாதென்றால் தனிக் கருவி வாங்குவதே நல்லது. பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் பிடிக்கும். கருவியின் ஒலியளவு காட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நிற்கட்டும், ஏனென்றால் உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

தொடக்க காலத்தில் ஒரு மூதாட்டியின் கதையைப் பதிவுசெய்தபோது கருவியை மரப்பலகைமேல் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது, தேநீர்க் குவளையை வைக்கும் ஓசை இடிபோல் விழுந்தது. கதை எங்கோ தொலைவில் ஒலித்தது. மறுமுறை சென்றபோது அவர் அக்கதையைச் சொல்லும் நிலையில் இல்லை. அன்று முதல், பேசுபவரின் வாயோரம் நிற்கும்படி தலையில் மாட்டும் ஒலிவாங்கி இல்லாமல் நான் போவதில்லை. நீலகிரிக் காற்றுக்கு அதன்மேல் மென்மயிர் உறையும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் மழை நேரத்தில் பதிவுசெய்யாதீர்கள்.

சொற்பட்டியலில் தொடங்குங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனியாக மும்முறையும், ஒரே மாதிரியான வாக்கியத்துக்குள் வைத்து மும்முறையும் சொல்லச் செய்யுங்கள். பட்டியலாக அடுக்கும்போது ஏறி இறங்கும் குரல் அளவீட்டைக் கெடுக்கும். பிறகு கதைக்கும் உரையாடலுக்கும் செல்லுங்கள். ஒலி அலையை அளக்கப் பிராட் மென்பொருளும், சொல்லையும் பொருளையும் பதிவோடு வரி வரியாகப் பிணைக்க ஈலான் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. குறிப்பேடும் கையில் இருக்கட்டும்: 1930களில் மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தங்கி, தோட மொழியையும் அங்குள்ள கோத்தர்களின் கோத்த மொழியையும் காதால் கேட்டு ஒலிக்குறிகளால் எழுதிவைத்தவை இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆதாரமாக இருக்கின்றன.

பதிவுசெய்த அன்றிரவே கோப்புகளுக்கு இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். எதற்காகப் பதிவுசெய்கிறீர்கள், யார் யார் கேட்கலாம் என்பதை முதியவருக்கு விளக்கி, அவருடைய இசைவை அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் பெறுங்கள். இறப்புச் சடங்குப் பாடல்களுக்கு இதைத் தனியாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் கருவியை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு வாருங்கள்.