தூக்கமின்மை பரம்பரையாக வருமா?

கேள்வி: எனக்கு வயது 38. அம்மாவுக்கும் சித்திக்கும் பல வருடங்களாகத் தூக்கம் சரியில்லை. ஆறு மாதமாக எனக்கும் அப்படித்தான். இரவு 9 மணிக்கே படுத்தாலும் தூங்க 12 ஆகிறது. 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் காலை 7 வரை அரைகுறைத் தூக்கம். இது மரபணுவிலேயே இருந்தால் மாற்றவே முடியாதா? அதற்குப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் 2019-இல் 13 லட்சம் பேரை வைத்து வெளியான ஆய்வில், தூக்கமின்மையோடு தொடர்புள்ள 202 இடங்கள் மரபணுத் தொகுதியில் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. உங்களுக்கு என்ன சிகிச்சை தர வேண்டும் என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அந்தச் செலவு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு: 9 மணி முதல் 7 மணி வரை, பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். தூங்குவது அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோதான். எளிதில் தூக்கம் கலையும் இயல்பு அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் விட்ட தூக்கத்தைப் பிடிக்கச் சீக்கிரம் படுப்பதும், விடிந்த பிறகும் எழாமல் கிடப்பதும்தான் தொல்லையை நீடிக்க வைக்கின்றன. படுக்கை என்றாலே விழித்துப் புரளும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது.

ஒரு வாரம், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று தினமும் காலையில் தோராயமாகக் குறித்து வையுங்கள். சராசரி 6 மணி நேரம் என்றால் இரவு 12-க்குப் படுத்து, காலை 6-க்கு எழுந்துவிடுங்கள். விடுமுறை நாளிலும் அதே 6 மணிதான். படுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தூக்கமாகவே கழிகிறது என்றால், வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். சராசரி எவ்வளவு குறைவாக வந்தாலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். முதல் இரண்டு வாரம் பகலில் கண்ணைச் சொருகும், சிரமமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

நடுவில் விழித்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். தூக்கம் கண்ணைக் கட்டும்போது திரும்பி வாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். காபி, டீ மதியத்தோடு சரி. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் முக்கியப் பகுதி இதுதான். மாத்திரைக்கு முன்பே இந்தச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. தனியாகச் செய்யக் கடினமாக இருந்தால், பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு செய்யுங்கள்.

இன்னொன்று, அம்மாவிடமும் சித்தியிடமும் பேசுங்கள். இரவில் கால் குடைச்சலா, காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா, குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா என்று கேளுங்கள். இவையும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை, இவற்றுக்கான சிகிச்சையும் வேறு. கால் குடைச்சல் உங்களுக்கும் இருந்தால், ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்தாலே பலருக்குக் குடைச்சல் குறையும்.